இலங்கை மலையகத்திற்கு மிஷனரிப் பயணம்: எங்கள் சபைக் குழு எப்படி ஆயத்தப்பட வேண்டும்?

கேள்வி: மிஷனரிக் குழுச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்திலிருந்து (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள சபைகளின் தொகுதி) வருகிற ஆகஸ்ட் மாதம் 14 பேர் இலங்கை மலையகத்திற்கு, ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு, 9 நாள் மிஷனரிப் பயணமாகச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். இதற்கு முன் ஒடிசாவுக்கும் ஆந்திராவுக்கும் குழுக்களை அனுப்பிய அனுபவம் சபைக்கு உண்டு. கடல் கடந்து ஒருவரையும் அனுப்பியதில்லை. ஹட்டனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்று எங்கள் சபையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி, தாம் சிறுவயதில் கொழுந்து பறித்த தோட்டத்தைப் பற்றிப் பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவர்களுடைய பேரனும் இந்தக் குழுவில் வருகிறான்.

குழுவில் மருத்துவர் ஒருவர், செவிலியர் இருவர், ஆசிரியர்கள் நால்வர், மற்றவர்கள் வாலிபர் சங்கத்தார். அவர்களில் மூவருக்கு இன்னும் 18 வயது நிறையவில்லை. காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பிற்பகலில் இலவச மருத்துவ முகாம், மாலையில் வீடு சந்திப்பு, இரவில் திறந்தவெளிக் கூட்டம் என்று திட்டமிட்டிருக்கிறோம். சபையாரிடமிருந்து துணிமணிகளும் சேகரித்து வருகிறோம். இப்போதே பதினொரு மூட்டை சேர்ந்துவிட்டது. ஆளுக்கு 48,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டு, பாதியை அவரவரும் மீதியைச் சபையும் ஏற்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

சுற்றுலா விசாவில் சென்றால் போதுமா, மருந்துகளைக் கையோடு கொண்டுபோகலாமா, சபைப் பணத்தை எவ்வகையில் எடுத்துச் செல்வது, இவற்றைத் தவிர நாங்கள் நினைத்தே பார்க்காத காரியங்கள் எவை என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குற்றங்குறை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

பதில் 1: மலையகப் போதகர், ஹட்டன் பகுதி

அன்புள்ள ஐயா, எங்களை நினைத்து இவ்வளவு பேர் ஆயத்தப்படுகிறீர்கள் என்பதே எங்களுக்கு மகிழ்ச்சி. சுட்டிக்காட்டச் சொல்லிவிட்டீர்கள், ஆகவே உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் விசா. சுற்றுலாவுக்கென்று இணையத்தில் பெறும் பயண அனுமதியில் வந்து கூட்டம் நடத்திப் பிரசங்கிப்பது அந்த அனுமதியின் நிபந்தனையை மீறுவதாகும். ஆராதனையில் கலந்துகொள்ளலாம், உறவினரைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம்; ஒலிபெருக்கி வைத்துத் திறந்தவெளிக் கூட்டம் நடத்த முடியாது. ஊழியம் செய்வதுதான் நோக்கமென்றால், இங்குள்ள பதிவுபெற்ற திருச்சபையொன்று முன்கூட்டியே கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தையும் குடிவரவுத் திணைக்களத்தையும் அணுகி, எந்த வகை அனுமதி பொருந்தும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரி நோக்கத்தைக் கேட்கும்போது பதினான்கு பேரும் "சுற்றுலா" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் கைப்பிரதிகளை வைத்திருந்தால், பொய்யோடு தொடங்கிய ஊழியமாக அது ஆகிவிடும். பிடிபட்டால் நீங்கள் அடுத்த விமானத்தில் திரும்பிப் போவீர்கள். விசாரணைக்குப் போய் நிற்பவர்கள் உங்களை அழைத்த நாங்கள்.

இந்நாட்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் கொடுத்து, மற்றச் சமயத்தாருக்கு வழிபாட்டு உரிமையையும் கொடுக்கிறது. ஆனால் உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே மிகவும் பழையது. 2004-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றம் வரை வந்தது. அது சட்டமாகாவிட்டாலும் அந்தச் சந்தேகம் ஊரை விட்டுப் போகவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, தேவாலயத்தில் அந்நியர் கூட்டமாக வந்து இறங்கினாலே விசாரிக்கத்தான் செய்வார்கள். இந்த நிலையில் நீங்கள் பதினொரு மூட்டைத் துணியோடு லயத்துக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்தால் அது எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள். தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் சபைப் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) அவர்கள் எங்கள் வீடுகளுக்கு வருகிறார்கள். நீங்கள் ஒன்பது நாளில் திரும்பிவிடுவீர்கள். அந்த உறவோடு ஆண்டு முழுவதும் வாழ வேண்டியவர்கள் நாங்கள். துணி மூட்டைகளைத் தயவுசெய்து அங்கேயே தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடுங்கள். பிறர் உடுத்திய துணியை வரிசையில் நின்று வாங்குவது எங்கள் மக்களுக்கு மனவருத்தம் தருகிறது. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் காலையிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் நாட்டிலிருந்து ஒரு குழு வந்தபோது, அவர்களுக்குச் சமைப்பதற்காக எங்கள் சபைச் சகோதரி ஒருவர் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. கோழி அடித்து, கடையில் கடனுக்கு அரிசி வாங்கி, பதினாறு பேருக்கும் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) இலை போட்டார். குழுவினர் மிகவும் நெகிழ்ந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அந்த மாதச் சம்பளத்தில் அவருக்கு மூன்று பேர் (மூன்று நாள் கூலி) குறைந்ததும், கடைக் கடன் தீபாவளி முற்பணத்தில் கழிந்ததும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே உணவுச் செலவை முன்னதாகவே சபைக்கு அனுப்பி, சமையலுக்கு ஆள் வைக்கச் சொல்லுங்கள். லயத்து அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். உள்ளே நான்கு பேர் போய் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டும். வீடு சந்திக்க இருவர் போனால் போதும்.

பேச்சிலும் சற்றுக் கவனம் வேண்டும். "நீங்களெல்லாம் எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள்தானே" என்று அன்போடுதான் சொல்வீர்கள். ஆனால் 1948-இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, தலைமுறைக் கணக்கில் நாடற்றவர்களாக இருந்து, அதைத் திரும்பப் பெற்றவர்களுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரிக் கேட்கும். 2023-இல் மலையகத் தமிழர் இந்த மண்ணில் 200 ஆண்டு நிறைவுசெய்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். "கூலிக்காரர்" என்ற சொல்லும் வேண்டாம், "மலையகத் தமிழர்" என்றே சொல்லுங்கள். 1854-இல் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தார் (சி.எம்.எஸ்.) இங்கே தொடங்கிய ஊழியத்திற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். அதற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். எனவே உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு புதியதல்ல, மறக்க வேண்டியதும் அல்ல. இக்காலத்துக்கு ஏற்ற பேச்சோடு வாருங்கள் என்று கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஹட்டன் பக்கம் மழையும் பனிமூட்டமும் இருக்கும். பதுளைப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். அதற்காக ஒக்டோபர், நவம்பருக்குத் தள்ளிவிடாதீர்கள், அது மண்சரிவுக் காலம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. பாடசாலை விடுமுறை எந்த வாரம் என்பதை எங்களிடம் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

போதகர் ஐயா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். மருத்துவ முகாமைப் பற்றி மட்டும் என் பங்குக்குச் சொல்கிறேன்.

இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் என்பதனால் இலங்கையில் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிவிட முடியாது. அங்குள்ள மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். விநியோகத்துக்காக மருந்து கொண்டுபோவதற்கு அவர்களுடைய தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் முன் அனுமதி தேவை. நம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கொடுக்கும் மாதிரி மாத்திரைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவதெல்லாம் சுங்கத்தில் மாட்டிக்கொள்வதற்கான வழி. அவரவர் சாப்பிடும் மாத்திரையை மட்டும், மருத்துவர் சீட்டோடு, மூல உறையிலேயே கொண்டுபோங்கள்.

அனுமதி கிடைத்தாலும் ஒருநாள் முகாமில் எனக்கு நம்பிக்கையில்லை. பல ஆண்டுகள் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தாய்க்கு இரத்த அழுத்தம் 190 இருக்கும். ஐந்து நாள் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். ஆறாம் நாள் அந்தத் தாய் என்ன செய்வார் என்று நாம் கேட்பதில்லை. தோட்டத்திலேயே மருந்தகமும் அருகில் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே சிகிச்சை இலவசம். அவர்களுடைய அனுமதியோடு, அவர்களுடைய மருத்துவ மாதரின் (பேறுகாலச் செவிலியரின்) பக்கத்தில் உட்கார்ந்து, தாய்மாருக்கு இரத்தசோகை பற்றியும், நாள் முழுவதும் கூடை சுமக்கும் முதுகுக்கான பயிற்சி பற்றியும் பேசினால் அதற்குப் பயன் உண்டு. முகாம் என்ற பெயர்ப்பலகையே வேண்டாம்.

குழுவுக்கான ஆயத்தம்: முழுக்கால் உறை, நழுவாத செருப்பு, கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் முதல் இரவே நடுங்கிப்போவார்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல் உப்பைத் தடவுங்கள், தானே விழுந்துவிடும். பயணக் காப்பீடு ஒருவரும் விடாமல் எடுக்க வேண்டும்.

பதில் 3: தணிக்கையாளர், மதுரை

பணத்தைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் சபையோ சேகரமோ அறக்கட்டளையின் கீழ் வருமானவரி விலக்கு பெற்றிருக்கும். அந்த விலக்கு, வருமானத்தை இந்தியாவுக்குள் அறப்பணிக்குச் செலவிடுவதற்காகத் தரப்படுவது. இந்தியாவுக்கு வெளியே செலவிட்ட தொகைக்கு விலக்கு வேண்டுமென்றால் நேரடி வரிகள் மத்திய வாரியத்தின் ஒப்புதல் தேவைப்படும். ஆகவே சபைக் கணக்கிலிருந்து "இலங்கை ஊழியம்" என்று மூன்று லட்சத்துச் சொச்சத்தை எழுதிவிட்டுப் பிறகு என்னைப் போன்றவரிடம் வந்து நிற்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால், அந்தப் பணத்தை இதற்குத் தொடவே கூடாது.

இதில் சிக்கலில்லாத வழி, போகிறவர்கள் தத்தம் சொந்தப் பணத்தில் போவதுதான். தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கியின் திட்டத்தின்கீழ் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பயணமும் நன்கொடையும் அதில் அடங்கும். வசதியுள்ள சபையார் விரும்பினால் போகிற பிள்ளையின் பயணச்சீட்டைத் தாமே தனிப்பட்ட முறையில் எடுத்துக் கொடுக்கலாம். கையில் இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. அந்நியச் செலாவணி நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வாங்கலாம், மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பதினான்கு பேரின் பணத்தையும் ஒருவருடைய பையில் போட்டு "குழுப் பணம்" என்று கொண்டுபோகும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. சோதனையில் அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் 4: வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர், சென்னை

மேலே உள்ள பதில்களையெல்லாம் படித்த பிறகு மனம் கனக்கிறது. விசா, வரி, மருந்துச் சட்டம் என்று இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தால் சுவிசேஷத்தை யார்தான் எப்போது அறிவிப்பது? நம் முன்னோர்கள் இவ்வளவு கணக்குப் பார்த்தா புறப்பட்டார்கள்? விசுவாசத்தோடு போகட்டும், கர்த்தர் வழி திறப்பார்.

பதில் 5: சேகரச் செயற்குழு முன்னாள் உறுப்பினர், பாளையங்கோட்டை

தம்பி, உங்கள் வாஞ்சையைக் குறைசொல்லவில்லை. ஆனால் முன்னோர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பது சரியல்ல. திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் 1903-இல் தொடங்கப்பட்டபோது, இந்தியர் பணம், இந்தியர் ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்று மிகத் தெளிவான கணக்கோடுதான் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டு, அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அசரியா அவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதாவது இந்தக் காரியத்தில் இலங்கையார் நமக்கு முன்னோடிகள். அதே அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகள் அள்ளிக் கொடுத்தாலும் எங்களோடு நட்பாகப் பழகுவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லி, நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நாம் இதை ஆண்டுதோறும் மிஷனரி ஞாயிறன்று பெருமையாகச் சொல்கிறோம். இப்போது மூட்டையோடு புறப்படுகிறவர்கள் நாம்; அன்று அசரியா நின்ற இடத்தில் ஹட்டன் போதகர் நின்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

வயது நிறையாத மூவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் அழைத்துச் செல்லாதீர்கள். அங்கேயும் பிள்ளைகளோடு ஒருவர் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இருவர் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை எடுத்து வாட்ஸாப்பில் போடும் பழக்கத்தையும் புறப்படுமுன்பே நிறுத்திவிடுங்கள். எங்கள் குழு ஒருமுறை வெளியூர் போய்வந்தபோது, மூக்கொழுகும் குழந்தை ஒன்றின் படத்தைப் பெரிதாக்கி அசன விழாப் பந்தலில் மாட்டினார்கள். அந்தக் குழந்தையின் மாமா திருப்பூரில் வேலை செய்கிறவர், விருந்தினராக அன்றைக்குப் பந்தலுக்கு வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிடாமலே எழுந்து போனதை நான் பார்த்தேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிகுந்த நன்றி. பதில்களை அச்செடுத்து, எங்கள் ஐயரவர்கள் (சபைப் போதகர்) முன்னிலையில் குழுவில் வாசித்தோம். சிலருக்கு வருத்தம், இருவர், கூட்டம் இல்லையென்றால் நாங்கள் வரவில்லை என்று விலகிவிட்டார்கள். துணி மூட்டைகளை ஏற்கெனவே நகரத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கும் மீனவர் குடியிருப்புக்கும் பேசி முடித்துவிட்டோம். மருத்துவ முகாமும் திறந்தவெளிக் கூட்டமும் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. ஒரே தடவையில் 14 பேர் போவதற்குப் பதிலாக, முதலில் ஐயரவர்களும் நானும் இன்னும் மூவரும் எங்கள் சொந்தச் செலவில் போய், அங்குள்ள சபையாரோடு ஆராதித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதென்று தீர்மானம். வேதாகமப் பள்ளியை அவர்களுடைய ஆசிரியர்களே நடத்துவார்களா, அதற்கான அனுமதியும் பாடத்துணைப் பொருள்களும் எப்படி என்பதை அவர்களிடமே பேசி முடிவு செய்வோம்.

போதகர் ஐயா, தங்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் பாட்டி தமது தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார்கள். வரைபடத்தில் அப்படியொரு பெயரே இல்லை. அவர்களுடைய அக்காள் அங்கேயே தங்கிவிட்டவர்கள், பிறகு தொடர்பு அறுந்துவிட்டதாம். கண்டுபிடிக்க வழி உண்டா?

மலையகப் போதகர், ஹட்டன் பகுதி

ஐவராக வருவது மிகவும் நல்லது. சனிக்கிழமை மாலை வந்து சேருங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் எல்லாருமே ஓய்வாக இருப்பார்கள். எங்கள் ஆசிரியைமார் வேதாகமப் பள்ளி நடத்துவதில் நல்ல அனுபவசாலிகள். அவர்களுக்குக் குறைவாக இருப்பது வண்ணத்தாளும் பசையும்தான், அதை ஹட்டன் கடையிலேயே வாங்கலாம்.

தோட்டப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரைபடத்தில் இருப்பது வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர்; எங்கள் மக்கள் அதே தோட்டத்துக்கு வேறு தமிழ்ப் பெயர் வைத்திருப்பார்கள். பாட்டி சொல்கிற பெயரை அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் மேற்கணக்கா கீழ்க்கணக்கா (மேல் பிரிவா கீழ்ப் பிரிவா), லயத்துக்குப் பக்கத்தில் கோயில் இருந்ததா ஆறு இருந்ததா, அப்போதிருந்த கங்காணியின் பெயர் என்ன என்பதையும் கேட்டு எழுதுங்கள். எங்கள் சபையில் எழுபது வயதைத் தாண்டிய தாய்மார் மூவர் இருக்கிறார்கள். இந்த ஞாயிறே அவர்களிடம் வாசித்துக் காட்டுகிறேன்.